கியூப் ஃபெயில், கையெழுத்து கேட்கிறாங்க: ப்ராஜெக்ட் மேனேஜர் என்ன செய்யணும்?

கடலோர_சைட் (கேள்வி)

எல்லாருக்கும் வணக்கம். குளச்சல் பக்கம், கடலில் இருந்து அரைக் கிலோமீட்டருக்குள்ள ஒரு அடுக்குமாடி வேலைக்கு ப்ராஜெக்ட் மேனேஜரா இருக்கேன். கீழே பார்க்கிங், மேலே 3 மாடி, மொத்தம் 12 வீடு. 9 வித்தாச்சு. வாங்கினவங்களில் பாதிக்கு மேல வளைகுடாவில் இருக்கிறவங்க, சைட்டை நேரில் பார்த்ததே இல்ல.

முதல் மாடித் தூண்கள் 12. ஒவ்வொண்ணும் 230க்கு 450 மி.மீ., எம்30 கலவை (28 நாளில் சதுர மி.மீ.க்கு 30 நியூட்டன் தாங்க வேண்டிய கான்கிரீட்), ஒரே நாளில் வார்த்தது, கிட்டத்தட்ட 3.7 கன மீட்டர். அதே கான்கிரீட்டில் சோதனைக்கு வார்த்த 28 நாள் கியூப் மூணும் உடைஞ்சது 530, 545, 515 கிலோ நியூட்டனில். ரிப்போர்ட் வர்றதுக்குள்ள மேலே கூரையும் வார்த்தாச்சு, இரண்டாம் மாடித் தூணும் நிக்குது. வர்ற சனிக்கிழமை இரண்டாம் மாடிக் கூரை வார்ப்பு.

நிர்வாகம் ரெண்டு காரியம் செய்யச் சொல்லுது. ஒண்ணு, சிமென்ட் கூட்டிப் போட்ட புது கியூப் மூணை அதே பழைய தேதி போட்டு லேபுக்கு அனுப்பணும். ரெண்டு, சனிக்கிழமை வார்க்கப்போற கூரையை இப்பவே "முடிந்தது" என்று எழுதிக் கொடுக்கணும். அதை வச்சு 9 பேருக்கும் அடுத்த தவணைக் கடிதம் போகும், வங்கியில் ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம்) கணக்கில் இருந்தும் பணம் எடுப்பாங்க. உண்மையான முன்னேற்றம் 48 சதவீதம், கடிதத்தில் 62.

கையெழுத்துப் போட மாட்டேன், அது முடிவு. ஆனா முதல்ல எதைச் செய்யணும், யாருக்கு எழுதணும், வாங்கினவங்களுக்குச் சொல்லலாமா? தெரிஞ்சவங்க வழி சொல்லுங்க.

தக்கலை_க்யூசி

தம்பி, முதல்ல கணக்கைப் பாத்துருவோம். 150 மி.மீ. கியூபின் முகம் 22,500 சதுர மி.மீ. அந்த மூணும் சதுர மி.மீ.க்கு 23.6, 24.2, 22.9 நியூட்டன் ஆகுது, சராசரி 23.6. கான்கிரீட்டுக்கான இந்தியக் கோட் ஐ.எஸ். 456இல், திருத்தத்துக்குப் பிறகு எம்20க்கு மேல உள்ள எந்தக் கலவைக்கும் ஒரு மாதிரியின் முடிவு (மூணு கியூபின் சராசரி), குறிச்ச வலுவில் இருந்து 3க்கு மேல குறையக் கூடாது. உங்களுக்கு 27. மெஷின் முள் 607ஐத் தாண்டியிருக்கணும், 530லயே நின்னுட்டு. 3.7 கன மீட்டருக்கு ஒரு மாதிரிதான் எடுக்கச் சொல்லுது கோட், அதனால நாலு முடிவுச் சராசரியில் இதைக் கரைச்சிரலாம்னும் வழியில்ல.

இன்னைக்கே செய்ய வேண்டியது சனிக்கிழமை வார்ப்பை நிறுத்துறது. 125 மி.மீ. கூரை பச்சையா இருக்கும்போதே சதுர மீட்டருக்கு 300 கிலோவுக்கு மேல. அதோட சென்ட்ரிங், ஆள், பம்ப் குழாய். எல்லாம் சந்தேகத்தில் இருக்கிற அந்த 12 தூண் வழியாத்தான் இறங்கும். ஏறின சுமையைத் திரும்ப இறக்க முடியாது. கியூப், கடிதம், பில் எல்லாத்தையும் திங்கக்கிழமை பேசிக்கலாம், வார்ப்பைப் பேச முடியாது.

ஒரு எச்சரிக்கை. பயத்தில் நீங்களா முதல் மாடியில் முட்டுக் கொடுத்துராதீங்க. அந்த முட்டு நிக்கிறது முதல் மாடித் தரையில். கீழே பார்க்கிங் வரைக்கும் நேர்கோட்டில் முட்டு இறங்கலைன்னா தரை நடுவில் சுமை விழுந்து அங்கே விரிசல் வரும். எங்கே, எத்தனைன்னு ஸ்ட்ரக்சுரல் டிசைனர் வரைஞ்சு தரணும்.

அடுத்து, கியூபே தப்பா இருக்கலாமேன்னு நிர்வாகம் கேக்கும். நியாயமான கேள்விதான், பதில் தேடுங்க. வார்த்து 24 மணி நேரத்தில் அச்சில் இருந்து எடுத்து உடனே தண்ணித் தொட்டியில் போட்டாங்களா, இல்ல வெயிலில் கிடந்ததா? கரண்டி தேய்ச்ச முகத்தை மேலே வச்சு உடைச்சாங்களா? அச்சுப் பக்கத்து வழுவழு முகம்தான் தட்டில் படணும். மெஷின் அளவுத்திருத்தச் சான்று காலாவதியா? சுமை ஏத்துற வேகம் நிமிஷத்துக்கு, சதுர மி.மீ.க்கு 14 நியூட்டன், அதாவது முழு கியூபுக்கு 315 கிலோ நியூட்டன். 530 வர ஒண்ணே முக்கால் நிமிஷம் ஆகணும். அவசரமா ஏத்தினா எண் கூடத்தான் காட்டும், அதனால "லேப்காரன் வேகமா உடைச்சிட்டான்" என்கிற சமாதானம் இங்கே எடுபடாது.

இத்தனையும் பாத்து ஓட்டை கிடைச்சாலும் அதை வச்சு தூண் பாஸ்னு எழுத முடியாது. தூணையே சோதிக்கணும், அதுக்குத்தான் கோர், அதாவது தூணில் துளையிட்டு எடுக்கிற உருளைத் துண்டு. புது கியூபை பழைய தேதியில் அனுப்பினா டிசைனர் கையில் "எம்30 சரி"ன்னு தாள் போகும். அவர் மேல் மாடிக்கு அதை நம்பிக் கணக்குப் போடுவார். இதை நீங்க தடுத்தே ஆகணும்.

மார்த்தாண்டம்_சிவில்

கோர் எடுத்தா தூணில் ஓட்டை விழும், வாங்கினவங்க பார்த்தா பிரச்சினை. ரீபவுண்ட் ஹாமர் (மேற்பரப்பில் அடிச்சு துள்ளலை அளக்கிற கருவி) அடிச்சு 30 வந்தா அதையே ரிப்போர்ட்டா வைக்கலாமே? வேகமா முடியும்.

தக்கலை_க்யூசி

மார்த்தாண்டம் அண்ணே, ஹாமர் அடிக்கிறது நல்லதுதான், ஆனா அதோட எல்லை வேற. வலுவைக் கணிக்கிறதில் 25 சதவீதம் கூடவோ குறையவோ வரலாம்னு கோடே சொல்லுது. 24 உள்ள தூண் 30ன்னு காட்டும், 30 உள்ளது 24ன்னும் காட்டும். கான்கிரீட்டின் மேல் தோல் கார்பனேட் ஆகி (காத்தில் உள்ள கரியமில வாயு சேர்ந்து) இறுகினா எண் இன்னும் ஏறும். 12 தூணிலும் ஹாமரும் அல்ட்ராசோனிக்கும் (ஒலி அலை போற வேகம் பார்க்கிற சோதனை) போட்டு, எது மோசம்னு வரிசைப்படுத்துங்க. மோசமானதில் கோர் எடுங்க. குறைஞ்சது 3 கோர்.

230 மி.மீ. தூணில் 100 மி.மீ. கோர் பெருசு. 20 மி.மீ. ஜல்லிக்கு 75 மி.மீ. விட்டத்தில் எடுக்கலாம்னு டிசைனர் ஒப்புக்கிட்டா அதுவே நல்லது. கவர் மீட்டர் வச்சு கம்பியும் ரிங்கும் குறிச்சுக்கிட்டு, 450 பக்க முகத்தில், பாதி உயரத்தை ஒட்டி. தூணின் உச்சியில் எடுத்தா அங்கே தண்ணி மேலேறி வலு இயல்பாவே குறைவாக் காட்டும். ஓட்டையை சுருங்காத கிரவுட் வச்சு அன்னைக்கே அடைக்கணும்.

தீர்ப்பு இது: கோர் முடிவை கியூப் அளவுக்கு மாத்தின பிறகு சராசரி 85 சதவீதம், அதாவது 25.5, எந்த ஒண்ணும் 75 சதவீதத்துக்கு, அதாவது 22.5க்குக் கீழ போகக் கூடாது. வந்தா ஏத்துக்கலாம், நேர்மையா. வரலைன்னா டிசைனர் உண்மையான வலுவை வச்சுத் திரும்பக் கணக்குப் போடுவார். ஜாக்கெட்டிங் (தூணைச் சுத்திப் புதுக் கம்பி, கான்கிரீட் போட்டுத் தடிப்பாக்குறது) சொன்னா பக்கத்துக்கு 100 மி.மீ. கூடும், 230 தூண் 430 ஆகும். அறை அளவு குறையும், அதை வாங்கினவங்களுக்குச் சொல்லித்தான் ஆகணும்.

நாகர்கோவில்_பில்லிங்

அந்த 62 சதவீதத்தைப் பத்தி யாரும் பேசலையே. கியூபைவிட இதில்தான் உங்க பேர் நேரா மாட்டும்.

ரெரா கணக்கு இருக்கிறதால திட்டம் ரெராவில் பதிவாகியிருக்கணும். 2016 ரெரா சட்டத்தின் 4ஆம் பிரிவுப்படி வாங்குபவர்களிடம் வாங்கின பணத்தில் 70 சதவீதம் தனிக் கணக்கில் இருக்கணும். அதில் இருந்து எடுக்கிறது வேலை முடிஞ்ச விகிதத்துக்கு மட்டும். அந்த விகிதத்தைப் பொறியாளர், ஆர்க்கிடெக்ட், ஆடிட்டர் மூணு பேரும் சான்று கொடுக்கணும். பொறியாளர் சான்று உங்க அளவை நம்பி எழுதப்படுகிறது. 48ஐ 62 என்று எழுதினா, மீதி 14 சதவீத வேலைக்கான பணம் வேலை நடக்குறதுக்கு முன்னாலேயே கணக்கை விட்டுப் போயிரும். பிறகு ஜாக்கெட்டிங் செலவு வரும்போது கணக்கு காலி. 4ஆம் பிரிவை மீறினா திட்ட மதிப்பீட்டில் 5 சதவீதம் வரை அபராதம், 60ஆம் பிரிவு.

தவணைக் கடிதத்தையும் பாருங்க. ஒரு வீடு 38 லட்சம், இந்தக் கட்டத்துக்கு 10 சதவீதம்னு வச்சுக்கிட்டா ஒருத்தருக்கு 3.8 லட்சம், 9 பேருக்கு 34.2 லட்சம். வங்கி அந்தத் தொகையை விடுவிச்ச நாளில் இருந்து அவங்களுக்கு வட்டி ஓடும், வார்க்காத கூரைக்கு. துபாயிலும் மஸ்கட்டிலும் இருந்து வட்டி கட்டுறவங்க உங்க கடிதத்தை மட்டும்தான் பார்க்கிறாங்க.

பணத் தட்டுப்பாடு உண்மையா இருக்கும், அதை மறுக்க வேண்டாம். நேரான வழி இருக்கு, அதை நிர்வாகத்துக்கு நீங்களே எழுதிக் கொடுங்க. சைட்டில் இறங்கியிருக்கிற கம்பி, டைல்ஸ், ஜன்னல் ஃப்ரேம் எல்லாத்தையும் எண்ணி, பில்லோட தனிப் பட்டியல் போடுங்க. அதைக் காட்டி சப்ளையரிடம் தவணை நீட்டிக் கேக்கலாம், வங்கியிடம் நடைமுறைக் கடன் கேக்கலாம். விற்காத 3 வீட்டை அடமானமா வைக்க முடியுமான்னு ஆடிட்டரைக் கேளுங்க. கட்டமைப்பைத் தொடாத வேலை, கீழ்த்தளப் பூச்சு, சுற்றுச்சுவர், கழிவுநீர்த் தொட்டி, இதெல்லாம் கோர் முடிவு வர்ற வரைக்கும் ஓடட்டும். தூண் இல்லாம அதெல்லாம் நிக்கும், சதவீதமும் உண்மையாவே ஏறும்.

இனிமே சதவீதத்தைக் கண்ணளவில் போடாதீங்க. ஒரு கூரைக்கு சென்ட்ரிங் 30, கம்பி 30, வார்ப்பு 25, நீராற்றி முட்டு பிரிச்சது 10, 28 நாள் கியூப் சரி 5 என்று முன்கூட்டியே எழுதி வச்சா, அடுத்த தடவை யாரும் 48ஐ 62 ஆக்கச் சொல்ல மாட்டாங்க. கியூபுக்கு 5 வச்சிருக்கிறதைக் கவனிங்க. அது வராம அந்தக் கட்டம் 100 ஆகாது.

குழித்துறை_பி.எம்.பி

பில்லிங் அக்கா சொன்னதுக்கு மேல, எழுதுற வரிசை பத்தி மட்டும்.

ப்ராஜெக்ட் மேனேஜர்களுக்கான அமைப்பு பி.எம்.ஐ-யின் நெறிமுறையில் பொறுப்பு, மரியாதை, நியாயம், உண்மை என்று நாலு விழுமியம். அதில் கட்டாயம் என்று பிரிச்சு வச்ச பகுதியில், சட்டத்துக்கும் நெறிக்கும் புறம்பானதைப் பொருத்தமான மேலதிகாரியிடமும், தேவைப்பட்டால் பாதிக்கப்படுறவங்களிடமும் தெரிவிக்கணும்னு இருக்கு. "தேவைப்பட்டால்" என்பதைக் கவனிங்க. முதல் படியே வாட்ஸ்அப் குரூப்பில் போடுறது இல்ல. அப்படிப் போட்டா 9 குடும்பம் பதறும், நிர்வாகம் அவதூறு நோட்டீஸ் அனுப்பும், தூண் அப்படியே நிக்கும்.

இன்னைக்கு அலுவலக மின்னஞ்சலில் நிர்வாக இயக்குநருக்கு அனுப்புங்க, நகல் ஸ்ட்ரக்சுரல் டிசைனருக்கு. டிசைனரைச் சேர்க்கிறதுதான் முக்கியம், அவர்தான் பாதுகாப்புக்கு முடிவு சொல்ல உரிமையுள்ளவர். வாசகம் இப்படி இருந்தா போதும்:

"முதல் மாடித் தூண்கள் 12, எம்30. 28 நாள் மாதிரி முடிவு 23.6. ஐ.எஸ். 456 வரம்பு 27. லேப் ரிப்போர்ட் இணைப்பு. டிசைனர் எழுத்து மூலம் அனுமதிக்கும் வரை மேல் கூரை வார்ப்பு நிறுத்தி வைக்கப்படுகிறது. ஹாமர், அல்ட்ராசோனிக், கோர் சோதனைக்கு ஒப்புதல் வேண்டும். இந்தக் கட்டம் முடிந்ததாக முன்னேற்றச் சான்று இப்போது தர இயலாது. அளவுப் புத்தகப்படி இன்றைய நிலை 48 சதவீதம்."

ஒரு வார்த்தை கோபமா வேண்டாம். "நீங்க ஏமாத்தச் சொன்னீங்க"ன்னு எழுதாதீங்க. வாய்மொழியா சொன்னதைத் தனிச் சிறு மின்னஞ்சலில், "நேற்றைய பேச்சில் மாற்று கியூப் தயாரிப்பது குறித்துச் சொல்லப்பட்டது, அதைச் செய்ய இயலாது" என்று ஒரே வரியில் பதிஞ்சுருங்க. மறுத்தது எந்த நாள் என்பது பின்னால எல்லாத்தையும் தீர்மானிக்கும்.

நிறுவன ஆவணங்களை மொத்தமா சொந்த மெயிலுக்கு அனுப்பாதீங்க, ரகசிய மீறல்னு அதையே உங்க மேல திருப்புவாங்க. சொந்தக் குறிப்பேட்டில் தேதி, நேரம், யார், என்ன, எந்தக் கடித எண் என்று மட்டும் எழுதுங்க. தனியார் நிறுவனத்தில் புகார் சொல்றவருக்கு 2014 விசில் ப்ளோயர் சட்டம் உதவாது, அது பொதுப்பணியாளர் மீதான புகாருக்கானது. அதனால தாள் உங்களுக்கு அவசியம்.

பதில் எத்தனை நாளில் வேணும்னு மின்னஞ்சலிலேயே போடுங்க. அதுக்குள்ள டிசைனரும் நிர்வாகமும் அசையலைன்னா, அல்லது உங்களை ஒதுக்கிட்டு சனிக்கிழமை பம்ப் வண்டி வந்து நின்னா, அடுத்த படி கட்டட அனுமதி கொடுத்த அமைப்பும் ரெரா ஆணையமும். வாங்கினவங்களுக்குச் சொல்ல வேண்டிய நேரமும் அதுதான். உயிர் சம்பந்தப்பட்டா நாள் எண்ணிக் காத்திருக்க வேண்டியதும் இல்ல. கவனக்குறைவால் மரணம் என்பதற்கு பாரதிய நியாய சன்ஹிதா 106இல் 5 வருஷம் வரை தண்டனை, அதில் சம்பளம் கொடுத்தவர் சொன்னார் என்பது பதில் ஆகாது.

கடலோர_சைட்

ரொம்ப நன்றி. மின்னஞ்சல் போயாச்சு, டிசைனருக்கும் நகல். ரெண்டு விவரம் கூடுதலா. 7 நாள் கியூப் 15.2 வந்திருக்கு, அது லேபில் இருந்து நேரா அக்கவுண்ட்ஸுக்குப் போய் பில்லோட இருந்திருக்கு. வார்த்தது ஜூன் கடைசி, நல்ல மழை, எம் சாண்ட் மூடாம கிடந்துச்சு. இன்னொண்ணு: எம் சாண்ட் சப்ளை பண்றது என் மச்சினர். ஆர்டர் கொடுத்தது பர்ச்சேஸ், நான் இல்ல. ஆனா காரணம் தேடும்போது அது மேல வரும்.

தக்கலை_க்யூசி

7 நாளில் பொதுவா 65 சதவீதம் எதிர்பார்ப்போம், எம்30க்கு 19.5. 15.2 அப்பவே மணி அடிச்சிருக்கு, கேக்க ஆள் இல்ல. லேப் ரிப்போர்ட் இனி முதல்ல உங்க மெயிலுக்கும் டிசைனருக்கும் வரணும், அக்கவுண்ட்ஸுக்கு அதுக்குப் பிறகு. 7 நாள் முடிவு பார்க்காம மேல் கூரை வார்க்கக் கூடாதுன்னு செக்லிஸ்டில் ஒரு வரி சேருங்க.

காரணம் அநேகமா தண்ணிதான். ஒரு கன மீட்டருக்கு 360 கிலோ சிமென்ட், தண்ணி-சிமென்ட் விகிதம் 0.45னா தண்ணி 162 லிட்டர். 700 கிலோ எம் சாண்டில் மேற்பரப்பு ஈரம் 5 சதவீதம் இருந்தா 35 லிட்டர் தானா உள்ளே போகுது. அதைக் கழிக்காம முழுத் தண்ணியும் ஊத்தினா 197, விகிதம் 0.55 ஆகிப்போகும். கடலோரத் திறந்த இடத்துக்கு கோட் அனுமதிக்கிறது 0.45 வரைதான். நம்ம ஜில்லாவில் ரெண்டு பருவமழையும் பெய்யுது, அதனால வார்ப்பு நாள் காலையில் சாண்டை வறுத்து ஈரம் பார்க்காம கலவை போடுறது வருஷத்தில் பாதி நாள் சூதாட்டம். அரைக் கிலோ சாண்ட், அடுப்பு, தராசு, 15 நிமிஷம் போதும். தண்ணி கூடினா உப்புக் காத்தும் வேகமா உள்ளே போகும், கம்பி துருப்பிடிக்கும். கோர் பாஸ் ஆனாலும் தூணுக்கு மேல்பூச்சுப் பாதுகாப்பு வேணுமான்னு டிசைனரைக் கேட்டு வைங்க.

குழித்துறை_பி.எம்.பி

மச்சினர் விஷயத்தை இன்னைக்கே, அதே மின்னஞ்சல் தொடரில் எழுதிருங்க. நீங்க ஆர்டர் கொடுக்கலை என்பதால் மறைக்கலாம்னு ஆகாது. உறவு இருக்கு, சாண்டின் தரமும் விசாரணைக்குள்ள வரும். அதனால சாண்ட் சம்பந்தமான முடிவில் இருந்து நான் விலகிக்கிறேன், வேறொருத்தரை நியமிங்க என்று ரெண்டு வரி. நாளைக்கு நிர்வாகம் "மச்சினரைக் காப்பாத்தத்தான் தூணைக் குத்தம் சொன்னார்"னு திருப்பினா அந்த ரெண்டு வரிதான் பதில்.

விலகினா முழுசா விலகணும். குவியலில் இருந்து சாம்பிள் எடுக்கும்போது நீங்க பக்கத்தில் நிக்க வேண்டாம். சல்லடைச் சோதனை, 75 மைக்ரான் தூள் அளவு ரெண்டையும் வேற ஆள் லேபில் கொடுக்கட்டும். மச்சினரிடம் போனில் இதைப் பத்திப் பேசாதீங்க, வீட்டிலும் சொல்லி வைங்க.

நாகர்கோவில்_பில்லிங்

கோர் லேப் பத்தி ஒண்ணு. நிர்வாகமே ஒரு லேபைப் பிடிச்சு வந்தா ஒப்புக்காதீங்க, நீங்களா ஒண்ணைக் கொண்டு போகவும் வேண்டாம். என்.ஏ.பி.எல் (லேப்களுக்கான தேசிய அங்கீகார வாரியம்) அங்கீகாரம் உள்ள மூணு லேப் பேரை டிசைனரிடம் கொடுத்து அவரே ஒண்ணைத் தேர்வு செய்யட்டும். கோர் எடுத்த உடனே தூண் எண், தேதி எழுதி, டிசைனரின் ஆளும் நிர்வாகத்தின் ஆளும் உருளை மேலயே கையெழுத்துப் போட்டு, பாலித்தீன் பையில் கட்டி சீல் வைக்கணும். லேபில் ஒப்படைச்ச ரசீதின் நகல் உங்க ஃபைலில். அனுமதி விண்ணப்பத்தில் பதிவு பெற்ற பொறியாளரா உங்க பேர் இருக்கான்னும் பாத்துருங்க. இருந்தா, பின்னால வேலையை விட நேர்ந்தாலும் பேரை விலக்கிக்கிறதா அந்த அமைப்புக்கு எழுதி, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கணும்.